ஒரு நாளைக்கு 24 டாஃபி

மூன்றாவது ரூட் கெனால். ஊசி போட்டு ஈறு மரத்துப்போகக் காத்திருந்தபோது பல் டாக்டர் கேட்டார்: "ஒரு நாளைக்கு எத்தனை தடவை சாப்பிடுவீங்க?"

"மூணு வேளைதான் டாக்டர். ஸ்வீட் ரொம்பவெல்லாம் இல்ல."

"எவ்ளோன்னு கேக்கல. எத்தனை தடவைன்னு கேட்டேன்."

எண்ணிப் பார்த்தேன். காலையில் காபி, காலை மீட்டிங் முடிந்ததும் டீயும் பிஸ்கட்டும், நாலு மணிக்கு மறுபடி டீ, ராத்திரி வேலை இழுத்தால் கீபோர்டு பக்கத்திலேயே கடலை மிட்டாய் பாக்கெட். ஒவ்வொரு துண்டாகக் கடித்தால் அதுவும் ஒவ்வொரு தடவைதானே? பத்தைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

அளவு அல்ல, தடவை. இதை முதலில் யார், எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று தேடப்போய்த்தான் விபெஹோல்மில் மாட்டிக்கொண்டேன்.

தெற்கு ஸ்வீடனில் லுண்ட் நகரத்தில் இருந்த மருத்துவமனை அது. கடுமையான அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களை அங்கே வைத்திருந்தார்கள். 'கல்வி கற்பிக்க இயலாதவர்கள்' என்பது அரசு அவர்களுக்குக் கொடுத்த பெயர். அந்தக் காலத்து ஸ்வீடனில் சொத்தைப்பல் வீட்டுக்கு வீடு இருந்தது. 1938இல் அரசே பொதுப் பல் மருத்துவச் சேவையைத் தொடங்க முடிவெடுத்தது. ஆனால் பல் ஏன் சொத்தையாகிறது? சிலர் சர்க்கரை என்றார்கள், சிலர் வைட்டமின் குறைவு என்றார்கள். நிரூபிக்க ஆள் வேண்டும். அந்த ஆட்கள் வருடக்கணக்கில் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், ஒரே சமையலறையில் சாப்பிட வேண்டும். எங்கள் பாஷையில் சொன்னால், சுத்தமான டெஸ்ட் என்விரான்மென்ட். தினமும் நான் வாய் கூசாமல் சொல்கிற வார்த்தைதான். இங்கே அந்த என்விரான்மென்ட் மனிதர்கள்.

1945இல் வைட்டமினோடு ஆரம்பித்தது. 1947இல் சர்க்கரைக்கு மாறியது. நானூற்றுச் சொச்சம் பேரைக் குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குச் சாப்பாட்டோடு சேர்த்துச் சர்க்கரை, இன்னொன்றுக்கு இனிப்பு ரொட்டி, வேறு சிலருக்குச் சாக்லேட், கேரமல். டாஃபிக்கு இரண்டு குழுக்கள்: ஒன்றில் தினம் எட்டு, மற்றதில் தினம் 24. அந்த 24ஐச் சாப்பாட்டு வேளைகளுக்கு நடுவே கொடுத்தார்கள். பல்லில் நன்றாக ஒட்டிக்கொள்ளும்படியாகவே செய்த டாஃபி. மிட்டாய், சாக்லேட் கம்பெனிகளும் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தன. அவர்களிடமோ அவர்கள் குடும்பங்களிடமோ யாரும் சம்மதம் கேட்கவில்லை. டாஃபியை ஆசையாகத்தான் வாங்கித் தின்றிருப்பார்கள். அதை நினைத்தால்தான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

சாப்பாட்டோடு சேர்த்து நிறையச் சர்க்கரை சாப்பிட்டவர்களுக்குச் சொத்தை பெரிதாகக் கூடவில்லை. நடுநடுவே ஒட்டும் டாஃபி தின்றவர்களுக்குப் பல் பல்லாகப் போனது. நிறுத்தியதும் புதுச் சொத்தை விழுவது குறைந்தது. முழு அறிக்கை 1954இல் வெளிவந்தது.

காரணம் எளிமையானது. வாயில் இருக்கும் பாக்டீரியா சர்க்கரையைத் தின்று அமிலம் கக்கும். சில நிமிடங்களிலேயே பல்லின் மேல் பி.ஹெச். 5.5க்குக் கீழே இறங்கி எனாமல் கரைய ஆரம்பிக்கும். எச்சில் அதைச் சரிசெய்ய அரை மணியோ ஒரு மணி நேரமோ ஆகும். அதற்குள் அடுத்த பிஸ்கட் உள்ளே போனால் டைமர் ரீசெட். என் நாற்காலியில் அந்த டைமர் முடிந்ததே இல்லை.

ஸ்வீடன் சும்மா இருக்கவில்லை. மிட்டாய் வேண்டுமளவு தின்னுங்கள், ஆனால் வாரம் ஒருநாள் மட்டும் என்று பெற்றோருக்குச் சொன்னது. 'லோர்தாக்ஸ்கூடிஸ்', சனிக்கிழமை மிட்டாய், அங்கே இன்றும் வழக்கம். பிள்ளைகள் கடையில் பை நிறைய அள்ளுகிறார்கள். (உலகில் அதிகம் மிட்டாய் தின்னும் நாடுகளில் ஸ்வீடனும் ஒன்று என்பது தனிக்கதை.) அந்தச் சனிக்கிழமைக்குப் பின்னால் இருந்தவர்களைப் பற்றி ஊர் உரக்கப் பேச 1990கள் வரை ஆனது.

கடலை மிட்டாயை டெஸ்க்கிலிருந்து எடுத்துவிட்டேன். ஞாயிறு மதியம் சாப்பாட்டோடு நாலு துண்டு, ஒரேயடியாக. கடைவாய்ப் பல்லில் வெல்லம் ஒட்டிக்கொள்ளும், நாக்கு தானாகத் துழாவும். எனக்கு வலித்தபோது நான் டாக்டருக்குப் போன் போட்டேன். அந்த 24 டாஃபிக் குழுவில் வலிக்கிறது என்று சொல்லத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?