ஒலிநாடா வாத்தியமான வரலாறு: ஆங்கில ராக் பாலட்டின் ஒலிப்பதிவு, 1965–1975

ராக் இசையில் பாலட் என வழங்கும் மந்த கதியான பாடல்களின் சரித்திரத்தை ஆராய்வோர் பெரும்பாலும் பாடகரின் குரலையும் பாட்டின் சொற்களையுமே கருத்திற் கொள்வர். ஆயினும் 1965 முதல் 1975 வரை இங்கிலாந்தில் அப்பாடல்கள் அடைந்த ரூபபேதங்களுக்கு ஒலிநாடாவும் அதனை இயக்கிய யந்திரங்களுமே பிரதான காரணம் என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1965 ஜூன் 14ஆம் நாள் லண்டன் அபே ரோடு ஒலிப்பதிவுக்கூடத்தில் பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி தம் கிதாரை மட்டும் துணைக்கொண்டு பாடிய ‘யெஸ்டர்டே’யில், மூன்று நாட்களுக்குப் பின் வயலின் இனத்து வாத்தியங்கள் நான்கின் இசை சேர்க்கப்பட்டது. அதற்கு நான்கு டிராக் நாடாவே, அதாவது ஒலிகளைத் தனித்தனியே பதிய நான்கு தடங்கள் கொண்ட நாடாவே, போதுமாயிருந்தது. அங்கே நாடா, வாசித்ததை வாசித்தபடி காத்துத் தரும் சேமிப்புச் சாதனம் மாத்திரமே.

1967இல் மூடி புளூஸ் குழுவினரின் ‘நைட்ஸ் இன் ஒயிட் சாட்டின்’ பாடலில் மைக் பிண்டர் வாசித்த மெலட்ரான் என்னும் கட்டை வாத்தியம் இந்நிலையை மாற்றியது. ஒவ்வொரு கட்டையின் கீழும், முன்னரே வாத்திய ஒலி பதிந்த நாடாத் துண்டு ஒன்று இருக்கும். கட்டையை அழுத்தினால் அது ஏறத்தாழ எட்டு விநாடி ஓடி ஒலிக்கும். விரலை எடுத்ததும் பழைய நிலைக்குத் திரும்பும். அக்கருவியை உற்பத்தி செய்த தொழிற்சாலையிலேயே முன்பு பணிபுரிந்தவராதலால், பிண்டர் அதன் குணதோஷங்களை நன்கறிந்திருந்தார். நாடா வாத்தியமாயிற்று, ஆனால் அதன் நாதத்துக்கு எட்டு விநாடியே ஆயுள்.

அடுத்த ஆண்டு பீட்டில்ஸ் குழுவினர் ‘ஹே ஜூட்’ பாடலைப் பதிவுசெய்ய, எட்டு டிராக் வசதியுள்ள லண்டன் டிரைடண்ட் கூடத்தை நாடிச் சென்றனர். பியானோ, கிதார், குரல் ஆகியவற்றோடு 36 பேர் கொண்ட வாத்தியக் குழுவும் அதில் இடம்பெற்றது.

நாடாவை வாத்தியமாக்குதல், டிராக்குகளைப் பெருக்குதல் ஆகிய இவ்விரு போக்குகளும் சங்கமித்த இடம், 10சிசி குழுவினர் ஸ்டாக்போர்ட் நகரிலுள்ள ஸ்ட்ராபெரி கூடத்தில் 16 டிராக் யந்திரத்தில் உருவாக்கி 1975இல் வெளியிட்ட ‘ஐம் நாட் இன் லவ்’ ஆகும். போஸா நோவா தாளத்தில் அமைந்த முதல் வடிவம் பிடிக்காமல் கைவிடப்பட்டது; எனினும் கூடத்துப் பணியாளர்கள் அம்மெட்டை விடாமல் முணுமுணுத்து வந்தமையால், குழுவினர் அதனை மறுபடியும் கையிலெடுத்து, குரல்களையே பின்னணியாக்கத் தீர்மானித்தனர். குழுவினரில் காட்லி, க்ரீம், கூல்ட்மன் மூவரும் ஒரே ஸ்வரத்தைச் சேர்ந்து 16 முறை பாட, ஒரு ஸ்வரத்துக்கு 48 குரல்கள் சேர்ந்தன. 13 ஸ்வரங்களுக்கு 624 குரல்கள். ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனி நாடாவில் ஏற்றி, அதன் இரு முனைகளையும் ஒட்டி, சுமார் 12 அடி நீளமுள்ள வளையமாக்கி, மைக் தாங்கி ஒன்றைச் சுற்றி ஓடவிட்டார், குழுவின் நான்காமவரும் பாடகரும் ஒலிப்பதிவாளருமான எரிக் ஸ்டூவர்ட். முடிவில்லாது சுழன்ற அவ்வொலிகள் 13 டிராக்குகளில் பதிய, ஃபெண்டர் ரோட்ஸ் மின்பியானோ, கிதார், மூக் சின்தசைசரில் எழுப்பிய டிரம் ஒலி, வழிகாட்டும் குரல் ஆகியவை எஞ்சிய மூன்றில் அடங்கவேண்டியதாயிற்று. பின்னர் நால்வரும் மிக்ஸர் மேசை முன் நின்று, வேண்டிய ஸ்வரத்தின் ஒலியளவைக் கட்டுப்படுத்தும் ஃபேடரை உயர்த்தியும் தாழ்த்தியும், ஆர்மோனியம் வாசிப்பதுபோல் அக்குரல்களை வாசித்தனர். எந்த ஃபேடரும் முற்றாக இறங்கிவிடாதபடி அடியில் பசைநாடா ஒட்டித் தடுத்திருந்தமையால், எல்லா ஸ்வரங்களின் மெல்லிய ரீங்காரமும் பாடல் முழுவதும் இடையறாது நிலவுகிறது.

மெலட்ரானின் எட்டு விநாடி எல்லை இவ்வாறு நீங்கிற்று. டிராக்குகள் பெருகியது மட்டுமே இதற்குக் காரணமன்று. பதிவுசெய்பவரும் வாசிப்பவரும் ஒருவரேயாகி, இருந்த டிராக்குகளின் போதாமையைத் தம் யுக்தியால் வென்றதே முக்கிய காரணம். அப்பாடல் 1975 ஜூனில் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. ஆதலின், ராக் பாலட்டின் வாத்தியங்களைக் கணக்கிடும் எந்த ஆய்வும், பியானோவுக்கும் கிதாருக்கும் அளிக்கும் ஸ்தானத்தை ஒலிநாடாவுக்கும் மிக்ஸர் மேசைக்கும் அளித்தே தீரவேண்டும்.