புக்கிட் பிரவுன்: கல்லறைகள் கற்பிக்கும் வரலாறு

பூன் லே, ஜூ சியட், கான் எங் செங் ஆகிய பெயர்களைக் கேள்வியுறாத சிங்கப்பூர் மாணவர் அரியர். முதலாவது ஒரு குடியிருப்பு வட்டாரம். இரண்டாவது ஒரு சாலை. மூன்றாவது, 1885ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஒரு பள்ளி. இவை மூன்றும் மனிதர்களின் பெயர்கள் என்பதையும், அம்மூவரும் ஒரே இடுகாட்டில் துயில்கின்றனர் என்பதையும் அறிந்தோர் சிலரே. அவ்விடமே புக்கிட் பிரவுன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கு நிலம் வைத்திருந்த ஜார்ஜ் ஹென்றி பிரவுன் என்னும் ஆங்கிலேய வணிகரின் பெயரையே இக்குன்று தாங்கி நிற்கிறது. பின்னர் இது ஹொக்கியன் மரபைச் சேர்ந்த ஓங் குலத்தாரின் இடுகாடாயிற்று. அக்காலத்தில் சீனர்களின் இடுகாடுகள் பெரும்பாலும் குலத்தாலும் வட்டார மொழியாலும் பிரிந்து கிடந்தன. எல்லாச் சீனருக்கும் பொதுவான இடுகாடு வேண்டுமென அச்சமூகத்தின் தலைவர்கள் வலியுறுத்தினர். அதன் பயனாக, நகராட்சி இந்நிலத்தின் பெரும்பகுதியைப் பெற்று, 1922ஆம் ஆண்டில் பொது இடுகாடாகத் திறந்தது. 1973இல் அது மூடப்படும்வரை ஏறத்தாழ 1,00,000 பேர் இங்கு அடக்கம் செய்யப்பட்டனர்.

இங்குச் செல்வோர் முதலில் காண்பது காடு. சற்றே உற்று நோக்கினால், சரிவுகளில் அரைவட்டக் கரைகளுடன் அமைந்த கல்லறைகள் புலப்படும். ஒவ்வொரு நடுகல்லும் ஓர் ஆவணம். இறந்தவரின் பெயரோடு சீனாவில் அவர்தம் பூர்வீக ஊரையும், பிள்ளைகள், பேரப்பிள்ளைகளின் பெயர்களையும் அதில் படிக்கலாம். காலக்குறிப்பும் கவனத்திற்குரியது. சில கற்கள் சிங் பேரரசர்களின் ஆட்சியாண்டைக் குறிக்கின்றன. சில, சீனக் குடியரசின் ஆண்டைக் குறிக்கின்றன. குடியரசு ஆண்டு 20 என்றால் அது 1931. கடல் கடந்து வந்தோரின் மனம் எந்த நாட்டின் காலத்தைக் கணக்கிட்டது என்பதை அந்த ஓர் எண்ணே உணர்த்திவிடுகிறது.

சில கல்லறைகளின் இருபுறமும் தலைப்பாகையும் துப்பாக்கியுமாகச் சீக்கியக் காவலர் சிலைகள் நிற்கின்றன. அக்காலச் செல்வர்கள் தம் மாளிகைகளுக்கும் வங்கிகளுக்கும் சீக்கியரையே காவல் வைத்தனர். மறுமையிலும் அக்காவலையே நம்பினர். சீனர் கல்லறையில் இந்தியக் காவலர் நிற்கும் காட்சி, இத்தீவில் இனங்கள் கலந்து வாழ்ந்தமைக்குக் கற்சான்று.

2011இல் இவ்விடுகாட்டின் ஊடே எட்டுத் தடச் சாலை அமைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஆர்வலர்கள் எதிர்த்தனர்; ஆய்வாளர்கள் ஆவணப்படுத்தினர். உலக நினைவுச்சின்ன நிதியம் தனது 2014ஆம் ஆண்டுக் கவனிப்புப் பட்டியலில் இவ்விடத்தைச் சேர்த்தது. ஆயினும் சுமார் 4,000 கல்லறைகள் தோண்டப்பட்டன. லோர்னி நெடுஞ்சாலை 2019இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. எஞ்சிய நிலமும் வருங்காலக் குடியிருப்புக்கென ஒதுக்கப்பட்டுள்ளது.

நிலம் குறைந்த தீவில் வீடும் சாலையும் வேண்டாம் என நாம் வாதிடவில்லை. நம் பிள்ளைகள் வாழும் வீடுகளும் அத்தகைய நிலத்தில்தான் எழுந்துள்ளன. பிடாடரி இடுகாட்டில் கிறிஸ்துவர், முஸ்லிம்கள், இந்துக்கள் ஆகியோருக்குத் தனித்தனிப் பகுதிகள் இருந்தன. இன்று அங்கே புதிய குடியிருப்புப் பேட்டை. சில கற்கள் மட்டுமே நினைவுத் தோட்டத்தில் எஞ்சியுள்ளன. அங்குத் துயின்ற இந்துக்களின் ஊர், தொழில், உறவு பற்றி அக்கற்கள் சொல்லியிருக்கக்கூடியவற்றை நம்மில் எத்தனை பேர் எழுதி வைத்தோம்? ஆகவே புக்கிட் பிரவுன் சீனர்களின் கவலை மட்டுமன்று.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் நாம் முன்வைப்பது எளிய வேண்டுகோள். சிங் மிங் காலத்தில் குடும்பங்கள் முன்னோரை வணங்க வரும்போது மரியாதையுடன் அங்குச் செல்லுங்கள். சீன நண்பர் ஒருவரிடம் ஒரு நடுகல்லைப் படித்துக்காட்டச் சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் வீடு திரும்பி, உங்கள் பாட்டனார் எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில், யாருடன் வந்தார் என்று மூத்தோரிடம் கேளுங்கள். கல்லைக் காப்பது எப்போதும் நம் கையில் இல்லை. அதில் உள்ளதைப் படித்து வைப்பது நம் கையில் உள்ளது.