பிளாஸ்டிக் வாளியும் சுட்ட சுண்ணாம்பும்

சுவருக்கு வெள்ளையடிப்பது யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய வேலை என்ற எண்ணம் நம் ஊர்களில் ரொம்ப நாளாக உண்டு. மர வேலைக்கு ஆசாரி வேண்டும், கட்ட வேலைக்குக் கொத்தனார் வேண்டும். வெள்ளையடிக்க என்ன, சுண்ணாம்பைக் கரைத்துப் பூச வேண்டியதுதானே என்பார்கள். அந்த நம்பிக்கையில் மார்கழிக் கடைசியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிய குடும்பத் தலைவர்கள் தெருவுக்கு இரண்டு பேராவது இருந்தார்கள். போகிக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம் வேறு.

சுண்ணாம்பு அவ்வளவு லேசான சரக்கு இல்லை. சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் போட்டு ஏறக்குறைய 900 டிகிரி சூட்டில் எரித்தால், அதற்குள் இருக்கும் கரியமில வாயு வெளியேறிவிடும். மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. அதில் தண்ணீர் பட்டால் அடுப்பே இல்லாமல் கொதிக்கும். இதைத்தான் நீற்றுவது என்றார்கள். நீற்றிய சுண்ணாம்பைச் சுவரில் பூசினால், வெளியே போன அதே வாயுவைக் காற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு மறுபடியும் கல்லாகிவிடும். மதுரையில் காளவாசல் என்று பஸ்ஸில் டிக்கெட் கேட்கிறோமே, அந்தப் பெயரே சூளையிலிருந்து வந்ததுதான்.

இந்தச் சரக்கை வைத்து நம் ஆட்கள் செய்த வேலை சாதாரணமானதல்ல. கிளிஞ்சல் சுண்ணாம்போடு கடுக்காய்த் தண்ணீர், வெல்லம், தயிர், முட்டையின் வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து, அம்மியில் அரைப்பதுபோல் நைய அரைத்து, பூசிய பிறகு வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். 18-ஆம் நூற்றாண்டில் சென்னைக்குக் கப்பலில் வந்து இறங்கிய வெள்ளைக்காரர்கள், இங்குள்ள தூண்கள் சலவைக்கல் போல மின்னுகின்றன என்று எழுதி வைத்திருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடுகளின் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எழுபதுகளின் நடுவில் என் சித்தப்பாவுக்கு இந்தச் சரித்திரம் எதுவும் தெரியாது. கூலி மிச்சம் என்பது மட்டும் தெரியும். இரண்டு மரக்கால் சுட்ட சுண்ணாம்பு வாங்கி வந்தார். அதை மண்பானையிலோ, தரையில் குழி வெட்டியோ நீற்றுவதுதான் வழக்கம். சித்தி அப்போதுதான் பழைய துணிகளைப் போட்டு ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வாளி வாங்கியிருந்தாள். பிளாஸ்டிக் வாளி அன்றைக்கு ஒரு பெருமை. சித்தப்பா அதில் சுண்ணாம்பைக் கொட்டி, மேலே இரண்டு குடம் தண்ணீரையும் ஊற்றிவிட்டார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு புஸ்ஸென்று ஆவி கிளம்பிற்று. வாளி மெல்ல இடுப்பு வளைந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, அடி பிய்த்துக்கொண்டது. கொதிக்கிற சுண்ணாம்பு முற்றம் முழுவதும் ஓடிற்று. சித்தப்பா திண்ணைமேல் ஏறி நின்றார். “வாளி போனாப் போறது, உங்க காலைப் பாருங்கோ” என்று சித்தி கத்தினாள். பாட்டி மட்டும் உள்ளேயிருந்து, “மண்பானைன்னு எதுக்குடா வெச்சிருக்கா?” என்றாள்.

மறுநாள் பானையில் நீற்றிச் சுவருக்குப் போனார். அங்கேயும் ஒரு சூட்சுமம் உண்டு. ஈரமாக இருக்கும்போது நீர்த்த சுண்ணாம்பு கண்ணுக்கே தெரியாது. காய்ந்த பிறகுதான் வெளுக்கும். அடித்தது தெரியவில்லையே என்று சித்தப்பா அதன்மேலேயே இன்னும் இரண்டு பூச்சு கெட்டியாகப் போட்டார். காலையில் சுவர் கண்ணைப் பறித்தது. நாலாம் நாள் அப்பளம் அப்பளமாக உரிந்தது. மஞ்சள் தெரியாமல் இருக்கச் சேர்க்கும் நீலத்தைத் துணியில் முடிந்து அலசி விடாமல் பொடியாகவே தூவியிருந்தார். கட்டி கரையாமல் மட்டையில் ஒட்டி, கூடத்துச் சுவர் நெடுக நீல நாமம் இழுத்திருந்தது. பொங்கலுக்கு வந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் காப்பியே குடித்தார்கள்.

கடைசியில் தெருவில் வழக்கமாக வெள்ளையடிக்கும் பெரியவரைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. அவர் சிரிக்கவில்லை. உரிந்ததையெல்லாம் சுரண்டினார், கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டார், சுவரைத் தண்ணீரால் நனைத்தார், கஞ்சி சேர்த்து மோர் பதத்துக்குக் கரைத்தார். ஒரு பூச்சு, அது காய ஒரு நாள், அடுத்த நாள் இன்னொன்று. அவருடைய இடது கண் பால்போல் வெளுத்திருக்கும். “சின்ன வயசுல நீத்தறப்போ தெறிச்சுது தம்பி. கண்ணுக்குள்ள போனா கழுவறதுக்குள்ள வெந்துடும்” என்றார். அதைக் கேட்டபின் சித்தப்பா வாளிக் கதையைத் தாமாகச் சொல்லிச் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று நாம் சொன்ன வேலைக்கு அந்த மனிதர் ஒரு கண்ணைக் கொடுத்திருந்தார். கூலியோ, கொத்தனாருக்குக் கொடுப்பதில் பாதிகூட இருக்காது. பேரம் பேசாத வீட்டை நான் பார்த்ததில்லை.

பிறகு சிமெண்ட் வந்து எல்லாவற்றையும் மாற்றிற்று. அதிலும் முதல் முயற்சி கவிழ்ந்ததுதான். 1904-இல் சென்னையில் கடல் சிப்பியை வைத்தே சிமெண்ட் தயாரிக்க ஒரு கம்பெனி தொடங்கினார்கள், நிலைக்கவில்லை. 1939-இல் டால்மியாபுரத்திலும், 1949-இல் திருநெல்வேலி தாழையூத்திலும் ஆலைகள் வந்தபின் சிமெண்ட் கிராமம் வரை புகுந்தது. டிஸ்டெம்பரும் ஸ்னோசெம்மும் வந்தன. 1954-இல் ஆர்.கே. லட்சுமணன் வரைந்த கட்டு என்ற குறும்புப் பையன், பெயிண்ட் சொட்டும் பிரஷ்ஷோடு கடைக்குக் கடை நின்றான். காளவாய்கள் ஒவ்வொன்றாக அணைந்தன.

பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவர் தரையிலிருந்து ஏறும் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அதன்மேல் சிமெண்ட் பூசி, பிளாஸ்டிக் பெயிண்டும் அடித்தால் ஈரம் உள்ளேயே நின்றுவிடும். முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்து, பெயிண்ட் கொப்பளித்து உரியும். “எத்தனை தடவை அடித்தாலும் நிற்கவில்லை, பெயிண்ட் மட்டம்” என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பே போதும். பாக்கெட்டில் நீற்றின பொடியாகவே கிடைக்கிறது. வீட்டிலேயே நீற்றத் துணிகிறவர்கள் கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பானையும் மண்பானையாகவே இருக்கட்டும்.