பல்கியின் ஏடும் ஏர்வாடியின் சங்கிலியும்

பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னம் வட்டாரத்திலும் அதனை அடுத்துள்ள லெப்பைக்குடிக்காடு முதலிய ஊர்களிலும் ஒருவருக்கு மனம் பேதலித்துவிட்டால், உற்றார் உறவினர் வாயில் முதலில் வரும் சொற்கள் மூன்று. பித்துப் பிடித்துவிட்டது என்பர். காத்துக் கருப்பு அண்டிவிட்டது என்பர். நம் வீடுகளிலோ ஜின் தீண்டியிருக்கிறது என்பர். மனநோய் என்னும் நான்காவது பெயர் வந்து சேர்வதற்குள் பல மாதங்கள், சில குடும்பங்களில் பல ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. எந்தப் பெயர் முந்துகிறதோ அந்தப் பெயரே போகும் வழியையும் தீர்மானிக்கிறது. நாட்டு வைத்தியரிடம் செல்வதும், காவிரி வடகரையிலுள்ள குணசீலம் கோயிலுக்கு அழைத்துச் செல்வதும், ஏர்வாடிக்குப் பேருந்து ஏறுவதும் அப்பெயர்களின் பயன்களே.

ஆகவே பெயர்களிலிருந்தே தொடங்குவோம். பித்து என்பதும் பைத்தியம் என்பதும் பித்தத்தின் வழி வந்தவை. வாதம், பித்தம், ஐயம் என்னும் மூன்றின் நிலைபிறழ்வே நோய் எனக் கொண்ட மருத்துவ மரபு தந்த சொற்கள் இவை. ஏசும் சொல்லாக இன்று தேய்ந்துபோன 'பைத்தியம்' பிறப்பில் ஒரு நோய்க்குறிப்பாகவே இருந்தது என்பது வியப்புக்குரியது. யவன மருத்துவரும் மனத்தளர்ச்சியைக் கரும்பித்தத்தின் விளைவு என்றே கருதினர். அரபு மருத்துவர்கள் அந்தக் கரும்பித்தத்தை 'சவ்தா' என்றும், அந்நோயை 'மாலிகூலியா' என்றும் வழங்கினர். கைரவானில் வாழ்ந்த இஸ்ஹாக் இப்னு இம்ரான் இந்நோய் ஒன்றைப் பற்றியே தனி நூல் எழுதினார். பதினோராம் நூற்றாண்டில் அது இலத்தீனுக்குச் சென்று ஐரோப்பாவில் பயிலப்பெற்றது.

'மஜ்னூன்' என்னும் அரபுச் சொல்லின் கதை வேறு. மறைத்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது அது. கண்ணுக்குப் புலப்படாததால் ஜின், கருப்பையில் மறைந்திருப்பதால் ஜனீன், உடலை மறைத்துக் காப்பதால் கேடயத்துக்கு ஜுன்னா, மரங்களால் மூடப்பட்டதால் தோட்டத்துக்கு ஜன்னா. அறிவு மறைக்கப்பட்டவனே மஜ்னூன் என்று மொழியறிஞர்கள் பொருள் கொண்டனர். ஜின் பிடித்தவன் என்று பாமரர் கொண்டனர். மக்கத்துக் குறைஷியர் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீது வீசிய வசைகளுள் இதுவும் ஒன்று என்பதையும், அதனைத் திருக்குர்ஆன் வன்மையாக மறுத்தது என்பதையும் நாம் அறிவோம். நம் ஃபிக்ஹு நூலார் இச்சொல்லைக் கையாண்ட முறையோ முற்றிலும் சட்டம் சார்ந்தது. மஜ்னூனுக்குத் தொழுகைக் கடமை இல்லை. அவர் செய்த விற்பனை செல்லாது. அவர் சொத்துக்குப் பொறுப்பாளர் வேண்டும். அந்தப் பொறுப்பாளர் அதில் தம் கை வைத்தல் ஆகாது. 'ஹஜ்ர்' என்னும் அத்தியாயம் இதற்கென்றே உள்ளது. அங்கே ஜின் பற்றிய விசாரணை இல்லை. அறிவு இயங்குகிறதா, இல்லையா என்பதே கேள்வி.

இனி நம் கட்டுரையின் நாயகருக்கு வருவோம். அபூ ஸைத் அஹ்மத் இப்னு சஹ்ல் அல்பல்கி ஹிஜ்ரி 235 அளவில் (கி.பி. 850) பல்க் நகரை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்து ஹிஜ்ரி 322இல் (கி.பி. 934) மறைந்தவர். தந்தையார் பள்ளி ஆசிரியர். இளமையில் இராக் சென்று தத்துவ ஞானி அல்கிந்தியிடம் பயின்றார். நிலவியல் பயில்வோர் இவரை வரைபடக் கலைஞராக அறிவர். மனநலத்தில் இவர் செய்த பணியோ நெடுங்காலம் யார் கண்ணிலும் படாமலிருந்தது. 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்பது அவர் நூலின் பெயர். உடல்களுக்கும் உள்ளங்களுக்கும் நலம் பயப்பவை என்பது அதன் பொருள். இஸ்தான்புல் அயாசோஃபியா நூலகத் தொகுப்பில் இருந்த கையெழுத்துப் படியை ஃபுவாத் செஸ்கின் 1984இல் ஃபிராங்ஃபர்ட்டில் நகற்பதிப்பாக வெளியிட்டார். உள்ளம் பற்றிய பகுதியை சூடானைச் சேர்ந்த உளவியல் அறிஞர் மாலிக் பத்ரி ஆங்கிலத்தில் பெயர்த்தார். அது 2013இல் வெளிவந்தது. ஆயிரம் ஆண்டு உறங்கிய நூல் என்று சொன்னால் மிகையாகாது.

நூல் இரு பகுதிகளை உடையது. உடல் பற்றியவை பதினான்கு இயல்கள். உள்ளம் பற்றியவை எட்டு. சினம், அச்சம், துயரம், வஸ்வாஸ் ஆகிய நான்கிற்கும் ஒவ்வோர் இயல் ஒதுக்கப்பட்டுள்ளது. பல்கி எழுப்பும் முதல் வாதமே நம்மை நிமிர்ந்து உட்காரச் செய்வது. வாழ்நாள் முழுவதும் பெரிய உடல்நோய் எதுவும் காணாத மனிதர் சிலர் இருக்கலாம். ஆனால் கவலையோ கோபமோ அச்சமோ தீண்டாத மனிதர் ஒருவரும் இல்லை. அவ்வாறிருக்க மருத்துவர்கள் உடலை மட்டும் எழுதிவிட்டு உள்ளத்தை விட்டுவிட்டது ஏன் என்று அவர் வினவுகிறார். மனநலம் என்பதைச் சிலருக்கு நேரும் கேடாகக் கருதாமல் எல்லாருடைய அன்றாடத் தேவையாகக் கண்ட பார்வை இது. வீட்டில் அவசரத்துக்கு மருந்து எடுத்து வைப்பதைப் போல, மனம் அமைதியாயிருக்கும் வேளையில் நல்லெண்ணங்களைச் சேமித்து வைத்துக்கொண்டு, கலங்கும் வேளையில் அவற்றை எடுத்தாள வேண்டும் என்பது அவர் தரும் பயிற்சி.

துயரம் பற்றிய இயலில் அவர் செய்யும் பாகுபாடு மிக நுட்பமானது. காரணம் தெரிந்த துயரம் ஒன்று. பிள்ளையை இழந்தவர், பொருளை இழந்தவர் படுவது அது. அதற்கு ஆறுதல் சொல்லும் அகத்தே செய்யும் சிந்தனையும் மருந்து. காரணம் ஏதுமின்றி நெஞ்சை அழுத்தி, உண்ணவும் மகிழவும் விடாத துயரம் மற்றொன்று. அது உடலில், குறிப்பாகக் குருதியில் நேர்ந்த மாற்றத்தால் விளைவது. அதற்கு உடல் மருத்துவமும் வேண்டும், பேச்சும் இனிய சூழலும் துணையாக வேண்டும் என்கிறார். குருதி பற்றிய அவர் காலத்துக் கொள்கை இன்று செல்லாது. ஆயினும் இரண்டாம் வகைத் துயரைக் கோழைத்தனம் என்றோ ஈமானின் குறை என்றோ அவர் எழுதவில்லை. நாம் ஊன்றிப் படிக்க வேண்டிய இடம் இதுவே.

ஏனெனில், ஈமான் உறுதியாயிருந்தால் மனநோய் வராது என்னும் பேச்சு நம்மிடையே பலமாக உலவுகிறது. அவ்வாறு பேசுவோர் யஅகூப் (அலை) அவர்கள் மகனை எண்ணி வருந்திக் கண் வெளுத்துப்போனதைத் திருக்குர்ஆன் கூறுவதை எங்கே வைப்பார்கள்? கதீஜா (ரலி) அம்மையாரும் அபூதாலிபும் அடுத்தடுத்து மறைந்த ஆண்டுக்குத் துயர ஆண்டு என்றே சீறா ஆசிரியர்கள் பெயரிட்டனர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களுக்கு ஹிஜ்ரி 488இல் (கி.பி. 1095) நேர்ந்ததை அவரே தம் வரலாற்றில் எழுதி வைத்துள்ளார். பக்தாது நிஜாமிய்யாவில் பாடம் சொல்ல அமர்ந்தவருக்கு நா எழவில்லை, உணவு இறங்கவில்லை, மருத்துவர்கள் கைவிட்டனர், கவலை உள்ளத்தில் குடிகொண்டு அங்கிருந்து உடலுக்குப் பரவியிருக்கிறது என்றே அவர்கள் கண்டனர். ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் எனப் போற்றப்படும் ஒருவரை ஈமான் குறைந்தவர் எனச் சொல்லும் துணிவு யாருக்கு உண்டு?

இதுவரை எழுதியது நம் செவிக்கு இனியது. இனி எழுதுவது அத்துணை இனியதன்று. பீமாரிஸ்தான் எனப்பட்ட மருத்துவமனைகளைப் பற்றி நம் இதழ்களில் பெருமைக் கட்டுரைகள் பல வந்துள்ளன. கெய்ரோவில் அஹ்மத் இப்னு தூலூன் 872ஆம் ஆண்டளவில் எழுப்பியது, டமாஸ்கஸில் நூருத்தீன் 1154இல் அமைத்தது, கலாவூன் 1284இல் கெய்ரோவில் கட்டிய மன்சூரி, எதிர்னேயில் இரண்டாம் பாயஸீத் 1488இல் நிறுவியது ஆகியவை அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவன. வக்ஃபு வருவாயில் ஏழைகளுக்கும் இலவச மருத்துவம், மனநோயாளருக்குத் தனிப்பகுதி, எதிர்னேயில் இசை. எல்லாம் உண்மையே. ஆனால் 1184இல் டமாஸ்கஸ் வந்த பயணி இப்னு ஜுபைர், அங்கே அடைக்கப்பட்டிருந்த மனநோயாளருக்கு ஒருவகைச் சிகிச்சை நடந்ததையும், அவர்கள் சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததையும் சேர்த்தே பதிவு செய்துள்ளார். பெருமைக் கட்டுரைகள் முதற்பாதியை எடுத்துக்கொண்டு மறுபாதியை விட்டுவிடுகின்றன.

மக்ரீஸி தரும் ஒரு நிகழ்ச்சியும் உண்டு. இப்னு தூலூன் வாரந்தோறும் தம் மருத்துவமனைக்குச் சென்று நோயாளிகளைப் பார்த்து வருவாராம். ஒருநாள் விலங்கிடப்பட்டிருந்த ஒருவர், தாம் பித்தர் அல்லர் என்றும், பெரிய மாதுளம்பழம் ஒன்று வேண்டும் என்றும் கேட்டார். அமீர் உடனே தருவித்தார். பழத்தைக் கையில் வைத்து எடைபார்த்த அவர், அமீர் அயர்ந்த வேளை பார்த்து அதை அவர் மீதே வீசியடித்தார். அமீரின் ஆடையெல்லாம் சாறு. அதன் பின் இப்னு தூலூன் அங்கே அடியெடுத்து வைக்கவில்லை. படிப்போர் சிரிப்பர். எமக்கோ, அமீரின் வருகை நின்றபின் அந்த விலங்கு என்னவாயிற்று என்றே கேட்கத் தோன்றுகிறது. மக்ரீஸி அதைச் சொல்லவில்லை.

சங்கிலி நம் மரபில் இருந்தது. மற்றவர் மரபிலும் இருந்தது. பல்கியின் ஏடு நூலகத்தில் உறங்க, சங்கிலி மட்டும் நூற்றாண்டுகளைக் கடந்து நம் காலத்துக்கு வந்து சேர்ந்தது.

தமிழகத்தில் அரசு சார்ந்த மனநல மருத்துவத்தின் வரலாறு சென்னையில் 1794இல் வேலன்டைன் கானலி தொடங்கிய காப்பகத்தோடு ஆரம்பிக்கிறது. 1871இல் கீழ்ப்பாக்கம் லோகாக் தோட்டத்தில் பெரிய காப்பகம் எழுந்தது. இன்றைய அரசு மனநல மருத்துவமனை அதுவே. மாநிலம் முழுமைக்கும் அரசு மனநல மருத்துவமனை அது ஒன்றே என்னும் நிலை நெடுங்காலம் நீடித்தது. குன்னத்து விவசாயக் குடும்பம் ஒன்று நோயாளியோடு சென்னைக்குச் சென்று தங்குவது எவ்வளவு இயலும் என்பதை வாசகர் எண்ணிப் பார்க்கலாம். தர்காவுக்கும் கோயிலுக்கும் மக்கள் சென்றதை மூடநம்பிக்கை என்று மட்டும் எழுதிவிட்டுப் போவோர் இந்தத் தொலைவைக் கணக்கில் கொள்வதில்லை. தர்கா ஏற்றுக்கொண்டது, சீட்டுக் கேட்கவில்லை, உற்றார் உடனிருந்து சமைத்துக்கொண்டு நாட்கணக்கில் தங்க இடம் தந்தது. தமிழ்நாட்டு முத்துசுவாமி கோயில் ஒன்றில் தங்கிய மனநோயாளர் 31 பேரை ஆராய்ந்த மருத்துவர் குழு ஒன்றின் கட்டுரை 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. மருந்தின்றியே அங்குத் தங்கிய காலத்தில் நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தணிந்தன என்றும், அச்சுறுத்தாத, ஆதரவான சூழலே அதற்குக் காரணமாகலாம் என்றும் அக்கட்டுரை கூறியது. இங்கே அழுத்த வேண்டிய சொல் 'அச்சுறுத்தாத' என்பதே.

இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் சுல்தான் செய்யிது இப்ராஹீம் ஷஹீத் (ரஹ்) அவர்களின் தர்காவைச் சுற்றி நேர்ந்தது அதற்கு நேர்மாறு. கனவில் உத்தரவு வரும்வரை காத்திருக்கும் நோயாளிகளின் குடும்பத்தார் எத்தனை நாள் தங்க முடியும்? அவர்கள் ஊர் திரும்பிய இடத்தில் தனியார் காப்பகங்கள் முளைத்தன. மாதம் பணம் அனுப்பினால் போதும், நோயாளியை அவர்கள் பார்த்துக்கொள்வர். பார்த்துக்கொண்ட விதம் சங்கிலி. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியுமுன் மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகையில் தீப்பற்றியது. கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். உடல்களை அடையாளம் காணவும் முடியவில்லை. உச்சநீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்துக்கொண்ட வழக்கின் தலைப்பில் மாண்டோர் எண்ணிக்கை 25 என்றே நிற்கிறது; பின்னர் இறந்தோரை அத்தலைப்பு அறியாது.

ஒரு வாரத்துக்குள் அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டு, ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அரசின் பராமரிப்புக்கு மாற்றப்பட்டனர். இராமதாஸ் தலைமையிலான விசாரணை ஆணையம் சங்கிலிகளை அகற்றவும் உரிமம் கட்டாயமாக்கவும் பரிந்துரைத்தது. காப்பகத்தை நடத்தியவருக்கும் குடும்பத்தார் சிலருக்கும் 2007இல் ஏழாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2018இல் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், எவ்வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. ஏர்வாடியிலும் பின்னர் 'தவா, துஆ' என்னும் ஏற்பாடு வந்தது. மருந்தும் பிரார்த்தனையும் ஒரே வளாகத்தில், ஒன்றையொன்று விலக்காமல். குஜராத் தர்கா ஒன்றில் முதலில் செய்து பார்க்கப்பட்ட முறை இது. நபிமொழித் தொகுப்புகளில் மருத்துவத்துக்கெனத் தனிப் பகுதியே இருக்க, இதனைப் புதுமை எனச் சிலர் ஐயுற்றது எமக்கு விளங்கவில்லை. துக்க வீட்டாருக்கு வாற்கோதுமைக் கஞ்சியாகிய தல்பீனாவைக் காய்ச்சிக் கொடுக்கச் சொன்ன ஆயிஷா (ரலி) அம்மையார், பிரார்த்தனை போதும் கஞ்சி வேண்டாம் என்று சொல்லவில்லை.

நம் வட்டாரத்தைப் பொறுத்தவரை, பழைய தொலைவு பெரிதும் குறைந்துள்ளது. மாவட்ட மனநலத் திட்டம் தமிழகத்தில் முதன்முதலாகத் திருச்சியில்தான் 1997இல் தொடங்கியது. பெரம்பலூர் அப்போதுதான் இரண்டாண்டுக்கு முன் திருச்சியிலிருந்து பிரிந்திருந்தது. பின்னர் அத்திட்டம் எல்லா மாவட்டங்களுக்கும் வந்தது. 2022 முதல் 14416 என்னும் எண்ணுக்குக் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். குறையாத தொலைவு வீட்டுக்குள் இருப்பது. கணவர் வளைகுடாவில், மாமியார் வீட்டில் பிள்ளைகளோடு இருக்கும் பெண் தூக்கமின்றி அழுதால் அதற்கு முதலில் வரும் பெயர் கண்ணேறு. திருமணப் பேச்சு நடக்கும் வீட்டில் அண்ணன் மாத்திரை சாப்பிடுவது மறைக்கப்படும், மறைப்பதற்காகவே நிறுத்தப்படும். நிறுத்திய சில வாரங்களில் நோய் திரும்பினால், பார்த்தீர்களா, மருந்து பலிக்கவில்லை என்பர்.

நோயாளியை அழைத்துக்கொண்டு ஓதிப் பார்க்க எம்மிடம் வருவோர் உண்டு. ஓதுவதை நாம் மறுப்பதில்லை. அது சுன்னத்தில் இடமுள்ளதே. ஓதுமுன் மூன்று கேட்கிறோம்: எத்தனை நாளாயிற்று, உறக்கம் எப்படி, உணவு எப்படி? இரண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று என்றால் பெரம்பலூர் அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவரிடம் போய்விட்டு வாருங்கள் என்றும், உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு இருந்தால் இன்றே போங்கள் என்றும் சொல்கிறோம். ரமளான் நெருங்கும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. லித்தியம் உட்கொள்வோர் நாள் முழுதும் நீர் அருந்தாதிருந்தால் குருதியில் அம்மருந்தின் அளவு ஏறி நஞ்சாகக்கூடும். நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு என்பதைக் காய்ச்சலுக்கு ஏற்கும் நம் மக்கள் இதற்கும் ஏற்க வேண்டும். நோன்பு வைக்கலாமா, மருந்து நேரத்தை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றலாமா என்பதை ஷஅபான் மாதத்திலேயே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லி அனுப்புகிறோம்.