சங்கன் பதுமன் வழக்கும் அருட்பா வழக்கும்

கரிசல் மண் விரிந்து கிடக்கும் திருவேங்கடம் என்னும் ஊரின் பெயரே திருமாலை நினைவூட்டுவது. அதற்குத் தென்மேற்கே சங்கரன்கோயில், தெற்கே கழுகுமலை. கழுகுமலையின் ஒரே பாறையில் சமணத் தீர்த்தங்கரர்களின் சிற்ப வரிசைகளும், முற்றுப்பெறாமல் நின்றுபோன வெட்டுவான் கோயிலும், அடிவாரத்தில் முருகன் கோயிலும் உள்ளன. சமயங்கள் இத்துணை நெருக்கமாக வாழ்ந்த நிலத்தில் வாதமும் வளர்ந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

சங்கரன்கோயில் தலக்கதையே ஒரு வாதக்கதைதான். சிவன் பெரியவனா, திருமால் பெரியவனா என்று சங்கன், பதுமன் என்னும் நாக அரசர் இருவர் வழக்காடினர். முடிவு காணாது அம்மையிடம் முறையிட்டனர். கோமதி அம்மை தவமிருக்க, இறைவன் ஒரு பாதி சிவனும் மறுபாதி திருமாலுமாகக் காட்சியளித்தான் என்பர். ஆடித்தபசு விழா இதன் நினைவே. நமது கொள்கைக்கு இக்கதை உடன்பாடன்று. எனினும் வழக்காடிய இருவரில் எவரையும் இழிவுபடுத்தாமல் கதை முடிவது கருதத்தக்கது.

வாதத்திற்கு ஒழுங்கு வேண்டும் என்பதைத் தமிழர் நெடுங்காலமாகவே அறிந்திருந்தனர். மணிமேகலைக் காப்பியத்தில் புகார் நகரத்து விழாவை அறிவிக்கும் முரசறைவோன், வாதிடுவோர் முறையறிந்து பட்டிமண்டபம் ஏறுக என்கிறான். பகைவரிடத்தும் சினம் விட்டு அகல்க என்றும் சேர்த்தே சொல்கிறான். திருக்குர்ஆனின் நஹ்ல் அத்தியாயம் 125ஆம் வசனமும் அழகிய முறையில் வாதிடுமாறே கட்டளையிடுகிறது. 1575இல் ஃபத்தேபூர் சிக்ரியில் அக்பர் இபாதத் கானாவை அமைத்தபோது, முதற்சண்டை பிறசமயத்தாரோடு மூளவில்லை; நம் ஆலிம்கள் யார் எங்கே அமர்வது என்பதிலேயே மூண்டது. அரசரின் அவையிலேயே அவ்வாறாயின், தெருமுனையில் கேட்பானேன்?

ஆயினும் கற்றாரும் கல்லாரும் ஒரே வாதத்தில் கலந்துகொள்ளும்போது எழும் சிக்கலைத் தமிழகம் முழுமையாகக் கண்டது அருட்பா–மருட்பாப் போரில்தான். 1867இல் இராமலிங்க அடிகளின் பாடல்களை அவர்தம் மாணாக்கர் தொழுவூர் வேலாயுத முதலியார் முதலியோர் ‘திருவருட்பா’ என்னும் பெயரால் வெளியிட்டனர். பகுதிகளுக்குத் ‘திருமுறை’ என்றும் பெயரிட்டனர். தேவார திருவாசகங்களுக்கே உரிய பெயரை வாழும் ஒருவரின் பாடல்களுக்கு இடுவதா என்று வெகுண்டெழுந்தார் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். அது சமயக் கேள்வி, கேட்கத்தக்க கேள்வியும்கூட. ஆனால் வழக்கு அங்கே நிற்கவில்லை. போலியருட்பா மறுப்பு, அதற்கு மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு என்று துண்டு நூல்கள் பெருகின. 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. மன்றத்துக்குள் நிகழ்ந்ததைப் பற்றி இரு தரப்பாரும் இரு வேறு கதை கூறுவர்.

இப்பூசலில் இருவர் கல்வியும் இரு வகை. நாவலர் இலக்கண இலக்கியங்களை முறையாகப் பயின்று பதிப்பித்த பேராசான். அடிகளோ பள்ளிக்கூடப் படிப்பில் நில்லாதவர், உள்ளுணர்வால் பாடியவர். அவரைச் சூழ்ந்தோரில் எழுத்தறியா எளியோரும் பலர். எனவே கொள்கையைப் பற்றிய வினா, இலக்கணப் பிழையைச் சுட்டி நகைக்கும் வினாவாக மாறுவது எளிதாயிற்று. பாலர்க்கும் விளங்கும் எளிய உரைநடையில் பாலபாடங்கள் எழுதிய அதே நாவலரின் எழுதுகோல், கண்டனம் எழுதும்போது அந்த எளியோரின் அன்பை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. மறுபக்கத்தாரும் குறைந்தவர் அல்லர். வசைக்கு வசை அச்சேறியது. ஆய்வாளர் ப. சரவணன் அக்கண்டன நூல்களைப் பெருந்தொகுதியாகத் திரட்டித் தந்துள்ளார். புரட்டிப் பார்ப்போர், இவ்வளவு தமிழறிவும் இதற்கா செலவாயிற்று என்று வருந்தாதிருக்க இயலாது. நம் ஊர்களில் ஒரு மஸ்அலாவைப் பற்றிப் பேசத் தொடங்கி, எதிரில் இருப்பவரின் அரபு உச்சரிப்பை எள்ளுவதில் முடிப்போரும் இதையே செய்கின்றனர்.

அடிகள் 1874 சனவரியில் மறைந்தார். நாவலர் 1879இல் மறைந்தார். போர் மட்டும் மறையவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாவலர் மரபில் வந்த நா. கதிரைவேற்பிள்ளை சென்னையில் அதை மீண்டும் மூட்டினார். மேடைகள் இரண்டுபட்டன. மீண்டும் நீதிமன்றம்.

அடிகள் மறைந்த அதே 1874இல் நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் பிறந்தவர் செய்குத்தம்பிப் பாவலர். அவர் தமிழ் பயின்றது சங்கரநாராயண அண்ணாவியாரிடம். ஒரு முஸ்லிம் சிறுவனுக்குத் தமிழ் ஊட்டிய ஆசானின் பெயரில் சங்கரன்கோயில் இறைவனின் பெயர் அமைந்திருப்பது இனிய பொருத்தம். சென்னைக்குச் சென்று அச்சகத்தில் பணியாற்றிய பாவலர் சீறாப்புராணத்துக்கு உரை கண்டார். 1907 மார்ச் 10ஆம் நாள் விக்டோரியா மண்டபத்தில் நூறு செயல்களை ஒருங்கே நினைவில் நிறுத்திச் ‘சதாவதானி’ ஆனார்.

சைவர் தமக்குள் நிகழ்த்திய போரில் இந்த முஸ்லிம் புலவர் அருட்பாவின் பக்கம் நின்று பேசினார். அவர் சொற்பொழிவுகளை மெச்சிக் காஞ்சிபுரத்தில் யானைமீது ஏற்றி ஊர்வலம் நடத்தினர் என்று அவர் வரலாறு எழுதியோர் கூறுகின்றனர். போருக்கு முற்றுப்புள்ளி வைத்தவர் அவரே என்று நம்மவர் பெருமிதம் கொள்வதுண்டு. 1907இல் கதிரைவேற்பிள்ளை காலமானதும் போர் தணிந்ததற்கு ஒரு காரணம் என்பதை மறைத்தல் வரலாற்றுக்கு நேர்மையாகாது. ஆயினும் பிற சமயத்தார் ஒருவரின் பேச்சைச் சைவ அவை அமர்ந்து கேட்டதே என்றால், புலமை மட்டும் அதற்குக் காரணமாக இருந்திருக்க முடியாது.

அவர் அவையில் நடந்ததாக ஒரு செய்தி வழங்குகிறது. முஸ்லிமைத் தடுமாறச் செய்யும் எண்ணத்தோடு, துருக்கனுக்கு இராமனே துணை என்று பொருள்படும் ஈற்றடியை ஒருவர் கொடுத்தாராம். பாவலர் முந்திய அடியின் கடையில் ‘சத்’ என்னும் அசையை வைத்தார். துருக்கன் சத்துருக்கன் ஆனான். தம்பிக்கு அண்ணன் துணை என்று பாட்டு முடிந்தது. கேட்டவர் நம்பிக்கையும் புண்படவில்லை, பாடியவர் ஈமானும் குறைவுபடவில்லை. ஈற்றடி கொடுத்தவரும் கைதட்டியிருப்பார். சினந்து எழுந்து ஒரு விரிவுரை நிகழ்த்தியிருந்தால் அவையில் பாதிப்பேர் அன்றே பகைவராகியிருப்பர்.

போரின் விலையைக் கொடுத்தோரும் உண்டு. கதிரைவேற்பிள்ளையின் மாணாக்கராக வெஸ்லி பள்ளியில் பயின்ற இளைஞர் ஒருவர், 1904இல் ஆசிரியருக்காக நீதிமன்றத்தில் சாட்சி கூறச் சென்றதால் இறுதித் தேர்வு எழுத இயலாது போயிற்று. பள்ளிப் படிப்பு அத்துடன் நின்றது. அவரே பின்னாளில் தமிழ்த்தென்றல் என்று போற்றப்பட்ட திரு. வி. கலியாணசுந்தரனார். 1908இல் தம் ஆசானின் வரலாற்றை நூலாக எழுதி நன்றிக்கடன் செலுத்தினார். 1929இல் அவர் எழுதி வெளியிட்ட மற்றொரு நூலின் பெயர் ‘இராமலிங்க சுவாமிகள் திருவுள்ளம்’.