யார் மகள்? எலிசபெத் லெதரரின் ஓவியமும் அது கைமாறிய வரலாறும்



2025 நவம்பர் 18 அன்று நியூயார்க்கில் சோத்பிஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில் ஓர் உருவ ஓவியம் 23.64 கோடி டாலருக்கு விலைபோனது. நம் பணத்தில் 2,000 கோடி ரூபாய்க்கு மேல். நவீன ஓவியம் எதுவும் அதுவரை ஏலத்தில் இந்த விலையைத் தொட்டதில்லை. வாங்கியவர் யார் என்பது வெளியிடப்படவில்லை.

பெரும் பணக்காரர்களின் வீட்டுச் சுவரில் தொங்கிய படத்தின் கதை நமக்கு எதற்கு என்று மாணவத் தோழர்கள் கேட்கலாம். அந்தப் படத்தில் நிற்கும் பெண், தான் யாருக்குப் பிறந்தவள் என்று அரசிடம் சான்று பெற்றுத்தான் உயிர் பிழைக்க வேண்டியிருந்தது. பிறப்பைக் கொண்டு மனிதரை அளக்கும் சமூகத்தில் வாழும் நாம் இதைக் கடந்துபோக முடியாது.

வியன்னா நகரத்து ஓவியர் குஸ்தாவ் கிளிம்ட் 1914 முதல் 1916 வரை வரைந்த படம் இது. இருபது வயதைக் கடந்த எலிசபெத் லெதரர் ஆளுயரத்துக்கு நிற்கிறார். மெல்லிய வெள்ளை உடை, அதன்மேல் சீன அரச பாணியில் ஓர் அங்கி, பின்னணியில் சிறிய சீன உருவங்கள். தந்தை ஆகுஸ்ட் லெதரர் சாராய வடிப்பாலைகளின் முதலாளி. அவரும் மனைவி செரீனாவும் கிளிம்டின் ஓவியங்களைப் பெருமளவில் வாங்கிச் சேர்த்தவர்கள். செரீனாவையும் செரீனாவின் தாயையும்கூடக் கிளிம்ட் வரைந்திருக்கிறார்.

இவர்கள் யூதர்கள். எலிசபெத் 1921இல் ஒரு பிரபுவை மணந்தார்; புராட்டஸ்டண்டு கிறித்தவரானார். 1938 மார்ச்சில் ஹிட்லரின் ஜெர்மனி ஆஸ்திரியாவை இணைத்துக்கொண்டபோது செல்வமோ, பிரபுப் பட்டமோ, ஞானஸ்நானமோ அவருக்குக் கைகொடுக்கவில்லை. 1935இன் நியூரம்பர்க் சட்டங்கள் ஒருவரின் தாத்தா, பாட்டிமார் நால்வரில் எத்தனை பேர் யூதர் என்று எண்ணித்தான் அவர் யார் என்று முடிவு செய்தன. மதம் மாறிய பிறகும் சேரியிலும் கல்லறையிலும் சாதி பின்தொடர்வதைக் கண்டவர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் விளங்கும். அதே ஆண்டில் அவருடைய மணவாழ்வும் முறிந்தது. தந்தை 1936இலேயே இறந்திருந்தார். தாய் புடாபெஸ்டுக்குப் போய்விட்டார். எலிசபெத் வியன்னாவில் தனித்து நின்றார்.

அப்போதுதான் அவர் ஒன்றைச் சொன்னார்: என் தந்தை லெதரர் இல்லை, ஓவியர் கிளிம்ட். கிளிம்ட் யூதரல்லர், 1918இலேயே இறந்துவிட்டவர், மணம் செய்யாமலே பல பிள்ளைகளுக்குத் தந்தையானவர் என்று ஊரறிந்தவர். ஆகவே இது நம்பும்படியாக இருந்தது. செரீனா உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். மகள் உயிரோடிருக்க வேண்டுமானால், தான் கணவனுக்குத் துரோகம் செய்தவள் என்று ஒரு தாய் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. இனத் தூய்மை பேசும் எந்த ஆட்சியும் முதலில் பெண்ணின் கற்பைத்தான் விசாரணைக்கு இழுக்கிறது என்பதை இங்கே நாம் குறித்துக்கொள்ள வேண்டும். நாஜி அமைப்பில் உயர்பொறுப்பிலிருந்த மணவழி உறவினர் ஒருவரும் உதவினார். அதிகாரிகள் ஏற்றுக்கொண்டு சான்று வழங்கினார்கள். உயிர் காக்கச் சொன்ன பொய் என்றே வரலாற்றாசிரியர்கள் இதைக் கொள்கிறார்கள். அந்தச் சான்றால் முகாமுக்கு அனுப்பப்படாமல் தப்பிய எலிசபெத், 1944இல் நோயுற்று வியன்னாவிலேயே இறந்தார். அதற்கு முந்தைய ஆண்டே செரீனா புடாபெஸ்டில் இறந்துவிட்டார்.

படங்கள் என்னாயின? நாஜிகள் லெதரர் சேகரிப்பைப் பறித்தார்கள். அதிலிருந்த பல கிளிம்ட் ஓவியங்கள் இம்மன்டார்ஃப் கோட்டையில் வைக்கப்பட்டு, 1945 மே மாதத் தீயில் அழிந்தன. குடும்பத்தாரின் உருவ ஓவியங்கள் மட்டும் அவற்றோடு சேர்க்கப்படவில்லை. கொள்ளையடிக்கத் தகாத அளவுக்கு அவை யூதத்தன்மை கொண்டவை என்று கருதப்பட்டதாகக் கனடா தேசியக் கலைக்கூடம் குறிப்பிடுகிறது. தீட்டென்று ஒதுக்கியதால் இந்தப் படம் தீக்குத் தப்பியது.

1948இல் இது எலிசபெத்தின் சகோதரர் எரிக்கிடம் திரும்பி வந்தது. போருக்குப் பின் திருப்பித் தந்ததெல்லாம் முழுமையாகத் தந்ததாகாது. கிளிம்டின் பீத்தோவன் சுவரோவியமும் இக்குடும்பத்துக்கே உரியது. அதை எரிக்குக்குத் திருப்பியளித்த ஆஸ்திரிய அரசு, நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகத் தடை விதித்தது. ஜெனீவாவில் வாழ்ந்த அவர் 1970களின் தொடக்கத்தில் அதை அந்த அரசுக்கே விற்றார். சகோதரியின் படத்தை மட்டும் 1980கள் வரை வைத்திருந்தார். பிறகு அது கலை வணிகர் செர்ஜ் சபார்ஸ்கி வழியாக 1985இல் அழகுசாதன நிறுவன வாரிசான லியனார்ட் லாடரிடம் சேர்ந்தது. நாற்பது ஆண்டுகள் அவருடைய நியூயார்க் வீட்டில் இருந்தது. எப்போதாவது அருங்காட்சியகங்களுக்கு இரவலாகப் போனபோதுதான் பொதுமக்கள் பார்த்தார்கள். 2025இல் அவர் இறந்தபின் ஏலத்துக்கு வந்து, மறுபடியும் பெயர் தெரியாத ஒருவர் கைக்குப் போய்விட்டது.

ஏல நிறுவனங்கள் ஓர் ஓவியம் யார் யாரிடம் இருந்தது என்று பட்டியல் தருகின்றன. 1938க்கும் 1948க்கும் இடைப்பட்ட காலம் அதில் ஓரிரு வரிதான். செரீனாவின் கையெழுத்தும், தந்தையை மறுத்த மகளின் வாக்குமூலமும் அந்த வரிகளுக்குள்தான் கிடக்கின்றன. நிலப்பத்திரமானாலும் பஞ்சமி நிலப் பதிவேடானாலும் அருங்காட்சியகக் குறிப்பானாலும், ஆய்வு செய்யப்போகும் மாணவத் தோழர்கள் இப்படிச் சுருங்கிக் கிடக்கும் வரிகளிலிருந்து தொடங்குங்கள். அந்த இடத்தில் யார் பெயர் அடிக்கப்பட்டது, யார் கையெழுத்து கட்டாயத்தால் வாங்கப்பட்டது என்று கேளுங்கள்.