பால்வாளி தூக்கிய கை துப்பாக்கி ஏந்திய கதை



"ஆறாம் ஆண்டு முடிச்சாச்சு, போதும். பொம்பளப் புள்ள படிச்சு என்னா பண்ணப் போவுது?" இந்தப் பேச்சு ஒரு காலத்தில் நம் லயங்களில் சர்வ சாதாரணம். இன்று அது அடியோடு ஒழிந்துவிட்டதா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். பெண்ணால் என்ன முடியும் என்று கேட்பவர்களுக்கு நம் மலாயா மண்ணே ஒரு பதில் சொல்லியிருக்கிறது. அந்தக் கதையைத்தான் இந்தப் பரிசளிப்பு விழா மலரில் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

1941 டிசம்பர் 8-இல் ஜப்பான் படை மலாயாவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. வெள்ளைக்காரத் துரைமார்கள் போனார்கள். தோட்டத்து மக்கள் அப்படியே நின்றார்கள். ரப்பரை வாங்க ஆளில்லை. அரிசி கிடைக்கவில்லை. மரவள்ளிக் கிழங்குதான் சோறு. போதாக்குறைக்கு, சயாம் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டு போனார்கள். போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவே இல்லை. நமது நெகிரி செம்பிலான் தோட்டங்களும் இந்தத் துன்பத்துக்குத் தப்பவில்லை.

இந்த நேரத்தில்தான் 1943 ஜூலை 2-ஆம் நாள் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். இந்திய தேசிய இராணுவத்துக்குப் புத்துயிர் ஊட்டினார். அத்தோடு நிற்கவில்லை. 1857 கிளர்ச்சியில் வாளேந்திப் போரிட்ட ஜான்சி ராணியின் பெயரால் பெண்களுக்கென்றே ஒரு படை வேண்டும் என்றார். கேட்டவர்கள் மலைத்துப் போனார்கள். சேலை கட்டிய பெண்ணுக்குத் துப்பாக்கியா?

அந்தப் படையை நடத்த முன்வந்தவர் யார் தெரியுமா? ஒரு மருத்துவர். பெயர் லட்சுமி சுவாமிநாதன். 1914-இல் சென்னையில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். தந்தை வழக்கறிஞர், தாயார் அம்மு சுவாமிநாதன் பின்னாளில் இந்திய அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்தவர். 1938-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற லட்சுமி, 1940-இல் சிங்கப்பூர் வந்து ஏழை இந்தியத் தொழிலாளர்களுக்கு மருத்துவம் பார்த்தார். நம்மவர்களின் நாடியைப் பிடித்துப் பார்த்தவருக்கு நம்மவர்களின் வேதனையும் தெரியாமலா இருக்கும்?

20 பெண்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்து, துப்பாக்கி ஏந்தி நேதாஜிக்கு அணிவகுப்பு மரியாதை செய்ய வைத்தார். 1943 அக்டோபர் 21-இல் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு அமைந்தபோது, மந்திரி சபையில் இருந்த ஒரே பெண் அவர்தான். மறுநாளே சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. பிற்பாடு லெப்டினன்ட் கர்னல் பதவி வரை உயர்ந்தாலும், மக்கள் வாயில் அவர் என்றைக்கும் "கேப்டன் லட்சுமி"தான்.

முகாமுக்கு வந்தவர்கள் யார்? பெரும்பாலோர் நம் தோட்டத்துப் பெண்கள்! விடியுமுன் பிரட்டுக்குப் போனவர்கள், பால் வெட்டியவர்கள், ஆணை விடக் குறைந்த கூலி வாங்கியவர்கள். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இந்தியாவைக் கண்ணால் கூடப் பார்த்ததில்லை. பின் ஏன் வந்தார்கள்? பசியும் இருந்தது, பயமும் இருந்தது, உண்மைதான். ஆனால் அதுவரை "ஏய், இந்தா" என்று மட்டுமே கூப்பிடப்பட்டவர்களை முதன்முதலாக ஒருவர் "வீராங்கனைகளே" என்று அழைத்தார். அதுவும் ஒரு பெரிய காரணம் என்றே எனக்குப் படுகிறது.

அங்கே கூலிக்காரன் மகள், டாக்டர் மகள் என்ற பேதம் இல்லை. ஒரே காக்கி உடை, ஒரே சாப்பாடு. நடைப் பயிற்சி, துப்பாக்கிப் பயிற்சி, கூடவே தாதிப் பயிற்சி, படிப்பு.

கோலாலம்பூரிலும் ஒரு வசதியான வீட்டுப் பெண், நேதாஜியின் வேண்டுகோளைக் கேட்டுக் காதில் கிடந்த தங்கத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தார். அவர்தான் ஜானகி தேவர், 1925-இல் பிறந்தவர். படையில் சேருவேன் என்றபோது தகப்பனார் ஒப்பவில்லை. எந்தத் தகப்பன்தான் உடனே சம்மதிப்பார்? கெஞ்சிக் கேட்ட பிறகே அனுமதி கிடைத்தது. செல்லமாக வளர்ந்தவருக்கு முகாம் வாழ்க்கை முதலில் ஒத்துவரவில்லை. ஆனால் தளரவில்லை, படையின் இரண்டாம் நிலைத் தலைவியாக உயர்ந்தார்.

1944-இல் படையின் ஒரு பகுதி பர்மா சென்றது. பெண்கள் முன்னணிப் போரில் இறக்கப்படவில்லை. காயம்பட்டு வந்த வீரர்களுக்கு மருத்துவமனையில் தொண்டு செய்தார்கள். குண்டு வீச்சு அங்கேயும் விடவில்லை. இம்பால் போர் தோற்றது. 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டுப் பின்வாங்கும் நிலை வந்தது. பகலில் விமானத்துக்குப் பயந்து மறைந்திருந்து, இரவில் மழையிலும் சேற்றிலும் நடந்தார்கள். ஜானகி தம் பெண்களை வழிநடத்த, நேதாஜியும் கூடவே நடந்தார். ஏறத்தாழ மூன்று வாரம் கழித்துப் பாங்காக் வந்து சேர்ந்தார்கள். முன்னேறிப் போக வீரம் வேண்டும்; தோற்றுத் திரும்பும்போது கூட வந்தவர்களைச் சிதறவிடாமல் கொண்டு வர அதைவிடப் பெரிய நெஞ்சுரம் வேண்டும்.

அப்புறம்? கேப்டன் லட்சுமி பர்மாவில் பிரிட்டிஷார் கையில் சிக்கினார். 1946-இல் இந்தியா அனுப்பப்பட்டார். கான்பூரில் ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்தே வாழ்ந்தார். 2002-இல் அப்துல் கலாமை எதிர்த்துக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றார். 2012-இல் தமது 97-ஆம் வயதில் காலமானார். ஜானகி 1946-இல் மலாயா இந்தியர் காங்கிரஸ் அமைய உழைத்தார். பின்பு ஆதி நாகப்பன் அவர்களின் துணைவியாகவும், மேலவை உறுப்பினராகவும் விளங்கினார். 2000-இல் இந்திய அரசின் பத்மஸ்ரீ விருது பெற்று, 2014-இல் மறைந்தார்.

ஆனால் மற்றவர்கள்? படையில் இருந்தவர்கள் சுமார் 1,000 பேர் என்று பொதுவாகச் சொல்வார்கள். தோட்டத்துப் பெண்களில் பலர் காக்கியைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி பால்வாளியைத் தூக்கினார்கள். கல்யாணம் செய்தார்கள், பிள்ளை பெற்றார்கள். யாரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. படித்தவர் பெயர் ஏட்டில் ஏறியது. படிக்காதவர் பெயர் அவரோடு போயிற்று. படிப்பு ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

ஆகவே பெற்றோர்களே, மகளின் படிப்புத் தாளில் கையெழுத்துக் கேட்டால் தயங்காதீர்கள். அன்று ஒரு தகப்பனார் மனம் இறங்கியதால்தான் நமக்கொரு ஜானகி கிடைத்தார். மாணவர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் பெரியவர்களிடம் கேளுங்கள்: "நம்ம கொள்ளுப்பாட்டி பேரு என்னா? ஜப்பான்காரன் காலத்துல எங்க இருந்தாங்க?" சொல்வதை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். நம் வரலாற்றை நாம் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்?

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!